பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறதா? ஆறு மாதத்துக்குப் பிறகான சாப்பாட்டுக் கேள்விகள்

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் குடியிருப்பில் மட்டும் கைக்குழந்தை இருக்கும் தமிழ் வீடுகள் ஏழெட்டு. சொந்த ஊர் சேலமோ வேலூரோ திருநெல்வேலியோ, பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குறா, என்ன பண்றது?" என் மூத்தவள் ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை ஸ்பூனைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டவள், அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் என்னிடம் வருகிறார்கள். லிஃப்டில் நின்றபடி பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னது, உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் சொல்லும் அளவுகள், இரண்டு பிள்ளைகளிடம் நான் பட்டது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

லீவு முடியப் போகிறது. ஐந்தாம் மாதத்திலேயே சாப்பாடு ஆரம்பித்துவிடலாமா?

முடிந்தவரை வேண்டாம். 180 நாள் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு தாய்ப்பாலோடு சாப்பாடு என்பதுதான் கணக்கு. 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு, கேட்க ஆறு மாதம் போலத்தான் இருக்கும், ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதால் அப்படி எடுத்தவர்களுக்குப் பிள்ளையின் நாலு, நாலரை மாதத்திலேயே லீவு தீர்ந்துவிடுகிறது. அதற்காகக் கஞ்சியை முன்கூட்டியே கொண்டுவர வேண்டியதில்லை, பால் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். நம் ஊர் சாதாரண நாளில் வெளியே வைத்தால் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் 4 நாள் தாங்கும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் குழந்தைக் காப்பக வசதி வேண்டும், நாளில் 4 முறை தாய் போய்ப் பார்த்துவரலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தது. எச்.ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தள்ளிப்போடுவதும் தப்புதான். குருவாயூரில்தான் முதல் சோறு, குலதெய்வம் கோயிலில்தான் முதல் சோறு, டிக்கெட் கிடைக்கவில்லை, அப்பாவுக்கு லீவு இல்லை என்று எட்டாம் மாதம் வரை இழுத்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் ஆரம்பித்துவிட்டு, கோயிலில் போய் மறுபடியும் ஒரு வாய் ஊட்டுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

நாள் கணக்கோடு பிள்ளையையும் பாருங்கள். தலை நன்றாக நிற்கிறதா, லேசாகப் பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, நாம் சாப்பிடும்போது நம் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறதா என்று கவனித்தால் போதும்.

கொடுப்பதை எல்லாம் நாக்கால் வெளியே தள்ளுகிறான். பிடிக்கவில்லையா?

பிடிக்காமல் இல்லை, தெரியவில்லை. பிறந்ததிலிருந்து உறிஞ்சி மட்டுமே பழகிய நாக்கு, எதைக் கொடுத்தாலும் முன்னால் தள்ளும். வாய்க்குள் தெரியாத பொருள் போய்விடாமல் இருக்க இயற்கை வைத்த பூட்டு அது. நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், சிலருக்கு இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். முகத்தைச் சுளிப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எலுமிச்சம்பழத்தை நக்கிவிட்டு உடம்பையே சிலிர்த்துக்கொண்டு மறுபடியும் அதற்கே கை நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சின்ன உபாயம். ஸ்பூனை வாய்க்குள் விட்டு மேலண்ணத்தில் வழிக்காதீர்கள். கீழ் உதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவனே மேலுதட்டை இறக்கி வழித்து எடுக்கட்டும்.

வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள். எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

இந்தப் பக்கமே இதற்காகத்தான்.

முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது பால் குடித்தாள்? பத்து மணிக்கு வயிறு முட்டப் பால், பத்தரைக்கு ராகிக் கஞ்சி என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் வயிறு அது, ஏழரை கிலோ பிள்ளைக்கு ஒரு டம்ளர்தான் இடம். பாலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஆனால் பசியில் கத்த ஆரம்பித்த பிறகு கிண்ணத்தோடு போனாலும் வேலைக்கு ஆகாது, அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே தீர்வு பால். தூங்கி எழுந்து, முகம் கழுவி, கொஞ்சம் விளையாடிய பிறகு வரும் அரை மணி நேரம்தான் நல்ல நேரம். இரவு முழுக்க மணிக்கொரு முறை பால் குடிக்கிற பிள்ளைக்குக் காலையில் பசி இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புட்டிப்பால் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம், சாப்பிடவில்லையே என்ற பயத்தில் நாமே புட்டியை நிரப்புகிறோம், நிரப்பியதால் சாப்பிடுவதில்லை.

அடுத்தது உடம்பு. மூக்கு அடைத்திருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, நாக்கில் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறதா? மலச்சிக்கலைத் தவறாமல் பாருங்கள், மூன்று நாள் போகாத பிள்ளை வாயையும் மூடிக்கொள்ளும். சாப்பாடு ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆறிய தண்ணீர் டம்ளரில் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, நாம் செய்து வைத்தது. என் மூத்தவளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, எடை குறைந்துவிடுமோ என்ற பீதியில், காலை நீட்டி உட்கார்ந்து அவளைக் காலில் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பாலாடையால் கஞ்சியை ஊற்றினேன். ஊரில் இருக்கும் பெரியவர்கள் வீடியோ காலில் "அப்படித்தான், உள்ளே போயிருச்சு பாரு" என்று உற்சாகப்படுத்தினார்கள். நாலு நாள் உள்ளே போனது. ஐந்தாம் நாள் பாலாடையை அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தத்துக்கே அழ ஆரம்பித்தாள், அப்புறம் கிண்ணத்துக்கு, அப்புறம் நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தாலே. படுத்த நிலையில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து வேறு. அவள் மறுத்தது ராகியை இல்லை என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

அதிலிருந்து வெளியே வந்த விதம் ரொம்பச் சாதாரணம். ஒரு வாரம் ஊட்டுவதை அடியோடு நிறுத்தச் சொன்னார் மருத்துவர், எடை பரவாயில்லாமல் இருந்ததால் பால் மட்டும் போதும் என்றார், எடை குறைவான பிள்ளைக்கு இதைக் கேட்காமல் செய்யாதீர்கள். அந்த வாரம் முழுக்க நாங்கள் சாப்பிடும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தோம், முன்னால் ஒரு காலி ஸ்பூன், ஒரு இட்லித் துண்டு. யாரும் அவளைப் பார்க்கக் கூடாது என்பது விதி, அவள் அப்பாவால்தான் முடியவில்லை. மூன்றாம் நாள் இட்லியைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் கை வாய்க்குப் போனது. நாங்கள் யாரும் கை தட்டவில்லை, தட்டியிருந்தால் அதையும் நிறுத்தியிருப்பாள் என்று இன்றும் நம்புகிறேன்.

எப்போது, எங்கே, என்ன என்பது நம் கையில். எவ்வளவு, அல்லது வேண்டவே வேண்டாமா என்பது பிள்ளையின் கையில். தலையைத் திருப்பினால் "போதும்" என்று அர்த்தம், இன்னும் ஒரு முறை மெதுவாகக் காட்டிப் பாருங்கள், மறுபடியும் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் எந்த வேளையும் நீள வேண்டாம்.

ஒரே உணவை எத்தனை தடவை கொடுத்துப் பார்ப்பது?

எட்டு முதல் பத்து தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து வரை. ஒரே நாளில் இல்லை, வெவ்வேறு நாளில், ஒவ்வொரு முறையும் ஒரு வாய். நாம் மூன்றாம் தடவையே "இவளுக்குப் பூசணி ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தாய் சாப்பிடுவதன் வாசனை பாலிலும் வரும். 2001-இல் வெளியான ஒரு ஆய்வில், கர்ப்ப காலத்தின் கடைசியிலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் பிள்ளைகள், கேரட் கலந்த கூழுக்குக் குறைவாகவே முகம் சுளித்தார்கள். பத்தியம் என்று மிளகு ரசமும் பூண்டுமாக மட்டும் இருக்காமல் எல்லாக் காய்கறியும் சாப்பிட இது இன்னொரு காரணம், மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

போனில் பாட்டு போட்டால் கிண்ணம் காலியாகிறது. என்ன தப்பு?

காலியாவதுதான் தப்பு. வாய்க்குள் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்று எதுவும் தெரியாமல் விழுங்குகிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது ஐ.ஏ.பி. எனப்படும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. ஏற்கெனவே பழக்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்தும் முதல் நாலைந்து நாள் பட்டினி கிடப்பது போலத் தெரியும், அந்த நாட்களில் ஊரிலிருந்து வரும் போனையும் சேர்த்து எடுக்காதீர்கள். காக்கா காட்டுவது பரவாயில்லையா என்று கேட்டார் ஒருவர். பால்கனியில் உட்கார்ந்து காக்காயும் பார்த்து அம்மா முகத்தையும் பார்த்தால் பரவாயில்லை, ஆனால் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி ஊட்டினால் மூன்று வயதிலும் அப்படியேதான் ஓட வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தாய்ப்பால் சராசரியாகக் குடிக்கும் பிள்ளைக்கு 6 முதல் 8 மாதத்தில் சாப்பாட்டிலிருந்து வேண்டியது ஒரு நாளைக்கு 200 கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. ஒரு வயது வரை பாதிக்கு மேல் பாலிலிருந்துதான் வருகிறது. கிண்ணக் கணக்கில் சொன்னால், ஆரம்பத்தில் வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. பிறகு மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நாலு வேளை, இடையில் ஒரு பழமோ எதுவோ. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கிண்ணம் பொங்கல் சாப்பிடுகிறது என்பது நம் வீட்டுக் கணக்கில் வராது.

கிண்ணத்தைவிட நம்பகமானது எடைதான். கர்நாடகத்தில் தரும் தாயி கார்டில், அதாவது தாய்-சேய் அட்டையில், எடை வரைபடம் இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் தடுப்பூசிப் பக்கத்தைத் தாண்டி யாரும் திருப்புவதில்லை. மாதம் ஒரு புள்ளி வையுங்கள், கோடு எப்படிப் போகிறது என்று தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் பெண் பிள்ளைகளின் நடு அளவு ஆறு மாதத்தில் 7.3 கிலோ, ஒன்பதில் 8.2, ஒரு வயதில் 8.9. ஆண் பிள்ளைகளுக்கு 7.9, 8.9, 9.6. இந்த எண்களைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை, தன் கோட்டிலேயே போனால் சரி. கவனிக்க வேண்டியது வேறு. முதல் மூன்று மாதம் மாதம் முக்கால் கிலோ, ஒரு கிலோ ஏறிய பிள்ளை ஒன்பது மாதத்துக்கு மேல் இருநூறு, இருநூற்றைம்பது கிராம்தான் ஏறும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், அதைப் பார்த்துத்தான் பாதி வீடுகளில் சாப்பாட்டுச் சண்டை ஆரம்பிக்கிறது.

ராகிதானே நல்லது? இங்கே எல்லாரும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

நல்லதுதான். பிள்ளைக்குக் காய்ச்சும் ராகிக் கஞ்சிக்குக் கன்னடத்தில் "ராகி சரி" என்று பெயர், நம் ஊரில் கேழ்வரகுக் கூழ், கஞ்சி. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசி கிட்டவே வராது. ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, கஞ்சி தண்ணீராக இருந்தால் அதில் சத்து இல்லை, வெறும் தண்ணீரால் வயிறு நிறையும். கெட்டியாக்கினால் பிசுபிசுவென்று ஒட்டி, பிள்ளைக்கு விழுங்க முடியாது. இந்தச் சிக்கலுக்கு நம் பாட்டிகள் கண்ட வழி முளைகட்டுவது. ராகியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, முளை விட்டதும் காயவைத்து அரைத்தால், அந்த முளையில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இருக்கும். பெங்களூர் டிசம்பர் குளிரில் முளை விட இரண்டு மூன்று நாள்கூட ஆகும், நாற்றம் வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடு இருக்கும்போதே இந்த முளை மாவு ஒரு ஸ்பூன் கலந்து ஐந்து நிமிடம் வைத்தால் தானாக இளகி வழுவழுவென்று ஆகும், பிறகு மறுபடியும் ஒரு கொதி விட வேண்டும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் அதே கால் கிண்ணத்தில் அதிகச் சத்து போகும். வாசனைக்காக முளை மாவைக் கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். சாப்பிடாத பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான், சாப்பிடும் நாலு வாயும் கனமாக இருக்கட்டும். பருப்புச் சாதத்தில் நெய்யோ நல்லெண்ணெயோ ஒரு ஸ்பூன் விடுவதும் அதற்குத்தான்.

இரண்டாவது, காலை ராகி, மதியம் ராகி, இரவு ராகி என்று இருந்தால் நானும்தான் வாயை மூடிக்கொள்வேன்.

இரும்புச் சத்து என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டிய ஒன்றே ஒன்று என்றால் அதுதான். பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் இரும்பு ரொம்பக் கொஞ்சம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் நம் நாட்டில் 6 முதல் 59 மாதப் பிள்ளைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை வந்தால் பசி குறையும், பசி குறைந்தால் சாப்பாடு குறையும், இது ஒரு சுழல். வாரக்கணக்கில் எதையுமே தொடாத, வெளிறிய, சுறுசுறுப்பில்லாத பிள்ளை என்றால் மருத்துவரிடம் ரத்தம் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ராகியில் இரும்பும் இருக்கிறது, அதை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட்டும் இருக்கிறது, முளைகட்டினால் அது குறையும். கீரை மசியலிலும் பருப்பிலும் தக்காளி சேர்ப்பது, இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிவது எல்லாம் இரும்பை உள்ளே இழுக்கும். அசைவ வீடு என்றால் ஆட்டு ஈரல், கோழி, முள் எடுத்த மீன் எல்லாம் நன்றாக வேகவைத்து மசித்து ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம், ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சைவ வீட்டில் பருப்பு, பயறு, கொண்டைக்கடலை தினமும் வேண்டும். அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு சிரப் உண்டு, அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் கிடைக்கும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் அங்கன்வாடி நமக்கு இல்லை என்று நினைக்கிறோம். நமக்கும்தான்.

மிக்ஸியில் நைஸாக அரைத்தால் மட்டும் சாப்பிடுகிறான்.

முதல் இரண்டு மூன்று வாரம் சரி. பிறகு மிக்ஸியை மேலே எடுத்து வையுங்கள். ஏழு மாதத்தில் கையால் மசித்தது, எட்டில் குழைய வெந்த சின்னச் சின்னத் துண்டு, ஒன்பது பத்தில் நாம் சாப்பிடும் இட்லி, குழைந்த சாதம். பத்து மாதத்துக்கு மேலும் கட்டி எதுவும் பழகாத பிள்ளைகளுக்குப் பின்னாளில் சாப்பாட்டுச் சிக்கல் கூடுதலாக இருக்கிறது என்று இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு சொன்னது. பல் இல்லையே என்பார்கள். ஈறு போதும், உங்கள் விரலைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

தொண்டையில் சிக்கினால்?

குமட்டுவது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. முகம் சிவந்து, இருமி, சத்தம் போட்டு, நாக்கை நீட்டி வெளியே தள்ளினால் அது குமட்டல், பயிற்சியின் பகுதி, பக்கத்தில் அமைதியாக இருங்கள். சத்தமே இல்லாமல், மூச்சு வராமல், உதடு நீலமானால் அடைப்பு. ஒரு வயதுக்குள் என்றால் தலை கீழே இருக்கும்படி முன்கையில் குப்புறப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவே 5 அழுத்து, வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டக் கூடாது. நினைவு தப்பினால் செய்ய வேண்டியது வேறு, அதையும் சேர்த்து ஒரு முதலுதவி வகுப்பில் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவையும் கூட்டிப் போங்கள்.

முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, பாப்கார்ன் வேண்டாம். உட்காரவைத்து மட்டும் கொடுங்கள், தவழும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

முட்டை, நிலக்கடலை எல்லாம் ஒரு வயதுக்கு மேல்தானே?

அது பழைய பாடம். 2015-இல் வெளியான லீப் என்ற ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் நிலக்கடலையை ஆரம்பித்து ஐந்து வயது வரை கொடுத்தபோது, கடலை ஒவ்வாமை ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. வறுத்து நைஸாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள், பகலில், புதிது ஒரு நேரத்தில் ஒன்று. முட்டை முழுதாக வெந்தது, வெள்ளையும் சேர்த்து. கடுமையான கரப்பான் இருக்கும் பிள்ளை, அல்லது ஏற்கெனவே எதற்காவது தடித்து வீங்கிய பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால்?

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம், சர்க்கரையை இரண்டு வயது வரைகூடத் தள்ளுங்கள், வெல்லமும் கருப்பட்டியும் அதே கணக்குதான். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளர்த்திவிடும், பாட்டுலிசம் என்பார்கள். பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு வயது வரை கொடுக்க வேண்டாம், தயிர் இரண்டு ஸ்பூன் பரவாயில்லை. ஒரு வயதுக்குப் பிறகும் அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் போகும், இரும்பும் போகும்.

உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவாள் என்றால், உப்பு தெரியாத நாக்குக்கு அது குறையாகத் தெரியாது. சீரகம், பெருங்காயம், மிளகுத் துளி, கறிவேப்பிலை எல்லாம் போடலாம். சப்பென்று இருப்பதால் மறுக்கும் பிள்ளைகள் நிஜமாகவே உண்டு, என் இரண்டாவது பையன் வெறும் பருப்பைத் துப்பிவிட்டு, உப்பும் காரமும் போடுவதற்கு முன் எடுத்துவைத்த ரசம் ஊற்றிய சாதத்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

கடையில் விற்கும் டப்பா மாவு கொடுக்கலாமா?

பயணத்தில், அவசரத்தில் பரவாயில்லை. வாங்கும்போது பின்பக்கத்தில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள், ஒரு முறை அந்த இனிப்புக்குப் பழகினால் வீட்டுப் பருப்புச் சாதம் தோற்கும். இரண்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கான உணவை விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992 சட்டமும் அதன் 2003 திருத்தமும் சொல்கின்றன. அதனால் இன்ஸ்டாகிராமில் ஓர் அம்மா டப்பாவைக் கையில் பிடித்துச் சிரித்தால், இது எந்தக் கணக்கு என்று யோசியுங்கள். பழத்துக்கு நம் ஊரில் குறையே இல்லை, ஹாப்காம்ஸ் கடையில் ஏலக்கி வாழைப்பழம் எப்போதும் இருக்கும், ஒன்று ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

டே கேரில் எல்லாம் சாப்பிடுகிறாளாம், வீட்டில் என்னிடம் மட்டும் அடம்.

நிம்மதியாக இருங்கள், சாப்பிடத் தெரிகிறது என்று ஆகிவிட்டது. அங்கே எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஆயாவுக்கு இவள் ஒரு வாய் குறைத்தால் கண்ணீர் வராது. வீட்டில் அம்மா என்றால் பால், மடி, ஒன்பது மணி நேரம் பார்க்காத ஏக்கம். வந்ததும் முதலில் தூக்கிவைத்துக்கொள்ளுங்கள், பால் கேட்டால் கொடுங்கள், இரவுச் சாப்பாட்டை அப்பாவிடம் விட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது எரிச்சல் வரும் அளவுக்கு வேலை செய்கிறது.

பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது, எடுத்தால் சாப்பிடும் என்கிறார்களே?

போகாதீர்கள். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லி, வாய்க்குள் ஊதியோ உறிஞ்சியோ, எதையோ எடுத்துக் காட்டுவார்கள். சாப்பிட்டது வயிற்றில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்காது, வெளியே வந்ததாகக் காட்டுவது உங்கள் பிள்ளை வயிற்றிலிருந்து வந்ததும் இல்லை. தொண்டையில் காயம், தொற்று, மூச்சுக்குழலுக்குள் எச்சில் போவது, இவைதான் மிச்சம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு பெரியவர்கள் சேர்ந்து உங்களுக்குத் தெரியாமல் தூக்கிப் போகக்கூடும், முதலிலேயே சொல்லி வையுங்கள். திருஷ்டி சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது பிள்ளையின் வாய்க்குள் போவதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எடை இரண்டு மாதமாக ஏறவே இல்லை அல்லது இறங்குகிறது என்றால். பாலையும் சேர்த்து மறுத்தால், சிறுநீர் குறைந்தால், துவண்டு கிடந்தால் அன்றைக்கே. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் இருமல், அடைப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் விழுங்குவதிலேயே சிக்கல் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட உணவுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிறுத்தாமல் வாந்தி, மலத்தில் ரத்தம், உதடு வீக்கம் எல்லாம் காத்திருக்கக் கூடாதவை. ஒன்பது மாதத்திலும் உட்காரவில்லை, பத்து மாதத்திலும் கொஞ்சம் கட்டியாக இருந்தாலே வாந்தி எடுக்கிறது என்றாலும் கேளுங்கள், விழுங்கப் பழக்கும் பயிற்சியாளர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது எப்படியும் எடை பார்ப்பார்கள், கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள், ஊசி போட்ட அழுகையில் எல்லாம் மறந்துவிடும்.

ஸ்பூனைப் பிடுங்கி எறிகிறான், தரையெல்லாம் சாதம். கையால் சாப்பிட விடலாமா?

விடுங்கள். இரண்டு ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு. கீழே பழைய படுக்கை விரிப்பு ஒன்று, அல்லது காய்கறிக்காரரிடம் வாங்கிய சாக்கு. குளிப்பாட்டும் முன் அந்த வேளைச் சாப்பாட்டை வைத்துக்கொண்டால் இரண்டு தடவை கழுவ வேண்டியதில்லை. தலைமுடியில் காய்ந்துபோன ராகியை மட்டும் உடனே கழுவிவிடுங்கள், சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும்.